அத்தைக்குக் கொஞ்சம் வெயில்

1944 ஜனவரி 16, ஞாயிறு

பொங்கல் கழிந்து இரண்டு நாள் ஆகிறது. அரிசி ஒரு கைப்பிடிதான் கிடைத்தது. மீதிக்கு மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் போட்டுக் கிண்டினேன். என் மகள் செல்லம் அதையே “சக்கரப் பொங்கல், சக்கரப் பொங்கல்” என்று லயத்து வரிசை வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினாள். சர்க்கரைக்கு எங்கே போவது? ஐந்து வயதுக் குழந்தைக்குப் பெயரைச் சொன்னாலே இனித்துவிடுகிறது.

அத்தை பானையைப் பார்க்க வெளியே வரவில்லை. உள்ளறையில் இருந்தபடியே, “பொங்கிடுச்சா புள்ள?” என்று கேட்டாள்.

“பொங்கிடுச்சு அத்தே.”

“எந்தப் பக்கம் வழிஞ்சுச்சு?”

“கெழக்கால.”

பொய். வழிகிற அளவுக்குப் பானையில் ஒன்றும் இல்லை.

அப்பா இந்த ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். ஜப்பான் சண்டை வந்து பள்ளிக்கூடம் மூடியபோது மிஞ்சிய கட்டுரை நோட்டில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பாவும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. அவர் சண்டைக்கு முந்திய வருடமே காய்ச்சலில் போய்விட்டார். நீலாயில் இருக்கிற அண்ணன் அப்போதே கூப்பிட்டார். “புருசன் இல்லாத வீட்டுல மாமியாகூட என்னா வேல, வந்துரு” என்றார். நான் போகவில்லை. ஏன் என்று கேட்டால், எனக்கு அத்தையைப் பிடிக்கும். அவ்வளவுதான்.

அத்தையின் பெயர் ராக்கம்மா. புல்வெட்டுக் கும்பலில் அவள் கத்தினால் பக்கத்து மலாய்க் கிராமமான கோலா சாவா கம்பத்தில் இருக்கிற கோழி பறக்கும் என்று சொல்லுவார்கள். போன ஆடியிலிருந்து அந்தக் குரல் வெளியே வரவில்லை, அவளும் வரவில்லை. ரந்தாவ் முச்சந்தியில் ஜப்பான் சிப்பாய் அவளை நாள் முழுக்க வெயிலில் நிறுத்திவைத்தான். அன்று சாயங்காலம் வந்து உள்ளறையில் உட்கார்ந்தவள்தான். ஜன்னலைச் சாத்தினாள். கொல்லைக்குப் போவது கூட விடிவதற்கு முன்னால். மற்றபடி கிழங்கு உரிக்கிறாள், செல்லத்துக்குத் தலை பின்னுகிறாள், எல்லாம் இருட்டிலேயே.

அதற்கு மேல் அங்கே என்ன நடந்தது என்று நானும் கேட்கவில்லை. சொல்லுகிற நாளில் சொல்லட்டும்.

ஜனவரி 30

லயத்தில் வீட்டுக்கு வீடு சளிக் காய்ச்சல். விடிகாலைப் பெரட்டுக்கு வரிசையில் நிற்கும்போது, வேலை மேற்பார்க்கிற மண்டோர் பேர் கூப்பிடுகிற சத்தத்தை விட இருமல் சத்தம்தான் பெரிதாக இருக்கிறது.

பிப்ரவரி 8

நான்கு நாளாகப் படுக்கை. எனக்கும் செல்லத்துக்கும் ஒன்றாக வந்துவிட்டது. இன்றுதான் எழுந்து உட்கார முடிந்தது.

அத்தை இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒரு கை என் நெற்றியிலும் ஒரு கை செல்லத்தின் நெற்றியிலும் வைத்துக்கொண்டே இருந்தாள். இஞ்சியும் எலுமிச்சை வாசச் சேரைப்புல்லும் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். என்னால் குடிக்க முடியவில்லை. மூக்கைப் பிடித்து ஊற்றினாள்.

“தள்ளி இருங்க அத்தே, ஒங்களுக்கும் ஒட்டிக்கும்.”

“ஒட்டட்டும். நீ வுழுந்துட்டா நான் யார புடிச்சிக்கிட்டு எந்திரிக்கிறது?”

பிப்ரவரி 13

ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது அத்தை படுக்கையில்.

மார்ச் 5

லயத்தில் எல்லோரும் எழுந்து வேலைக்குப் போகிறார்கள். பக்கத்து வீட்டுப் பஞ்சாலை கூட, அவ்வளவு மெலிந்தவள், ஒரு வாரத்தில் தேறிவிட்டாள். செல்லம் மரவள்ளிக் காட்டில் புழுதியில் புரள்கிறாள். அத்தை மட்டும் அப்படியே. காய்ச்சல் விட்டுவிட்டது, இருமல் விடவில்லை. இருமி முடித்ததும் விலாவைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடுகிறாள்.

மார்ச் 19

இன்று நான் கிழங்குக் காட்டிலிருந்து வந்தபோது அத்தை அடுப்புக்கு முன்னால் குந்தியபடியே இருந்தாள். அடுப்பு அணைந்து கிடந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

“எந்திரிக்க முடியல மயிலு. தொடையில பலமில்ல.”

தூக்கினேன். சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறாள். முழங்காலுக்குக் கீழே எலும்பைத் தொட்டால் முகம் சுளிக்கிறாள். வயசாகிவிட்டதாம். இவளுக்கு என்ன ஐம்பது இருக்குமா? போன வருசம் இதே அத்தை மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தவள். நான்தான் பின்னால் ஓடினேன்.

பங்கீட்டு அரிசியையும் பாதியாக்கிவிட்டார்கள். வேலைக்கு வராத ஆளுக்கு இல்லையாம். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கிழங்கு இருக்கிறது. அத்தை இருக்க வேண்டும்.

மார்ச் 26

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரசர் கனகசுந்தரம் ஐயா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். முன்பு மோட்டார் சைக்கிளில் நான்கு தோட்டம் சுற்றுவார். இப்போது வண்டிக்கு எண்ணெய் கிடையாது, குடையை ஊன்றிக்கொண்டு நடந்தே வருகிறார். பையைத் திறந்து காட்டினார். பஞ்சும் கொஞ்சம் ஊதா மருந்தும்தான்.

அத்தையின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். காலெலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினார். அத்தை “ஆத்தா” என்று கத்திவிட்டாள். பிறகு அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.

“எத்தினை மாசமா இவ வெளியாலை வரேல்லை?”

“ஆடியிலேர்ந்து ஐயா.”

என்னை வாசலுக்கு அழைத்துப்போய்ச் சொன்னார்.

“பிள்ளை, விட்டமின் டி எண்டு ஒரு சத்து. மீனெண்ணெயில கிடக்கு. இல்லாட்டி மேலில வெயில் பட்டால் தேகமே செய்துகொள்ளும். அது இல்லாட்டி எலும்பு நோகும், தசை சோரும். இவவுக்கு அதுதான் போலக் கிடக்கு.”

“இருமலுக்கும் அதுதானா ஐயா?”

“அது எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் எண்டு சொல்ல மாட்டன். ஆனா எல்லாருக்கும் வந்த சளி எல்லாருக்கும் போயிட்டுது, இவவுக்குப் போகேல்லை. தேகத்தில பலமில்லாமல் எந்த நோயும் லேசில விடாது. முதலில இவவை வெயிலில இருத்து.”

ஆஸ்பத்திரியில் மீனெண்ணெய் இருந்த அலமாரியில் இப்போது ஜப்பான்காரர்களின் பூட்ஸ் இருக்கிறதாம்.

போகும்போது திரும்பிச் சொன்னார்: “விடியக்காலை வெயில் போதாது. மணிக்கூட்டைப் பாராதை, அது இப்ப தோக்கியோ நேரம் காட்டுது. நிழலைப் பார். நிழல் ஆளை விடக் கட்டையா இருக்கேக்கை கொஞ்ச நேரம், கையும் காலும் முதுகும் தெரிய. தோல் சிவக்க விடாதை.”

உச்சி வெயில். அத்தையை நிறுத்திவைத்த அதே வெயில்.

ஏப்ரல் 2

ஜன்னலைத் திறந்தேன். அத்தை மூடினாள். நான் திறந்தேன். அவள் சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

செல்லத்தை விட்டுப் பார்த்தேன். “அப்பாயி, வெளிய கோழிக்குஞ்சு வந்துருக்கு, வந்து பாரு.” “புடிச்சிக்கிட்டு வாடி தங்கம், இங்கேயே பாக்குறேன்.” செல்லம் பிடித்துக்கொண்டே வந்துவிட்டாள்! பஞ்சாலை வீட்டுக் குஞ்சு. அறையெல்லாம் ஓடி, அத்தையின் படுக்கையில் எச்சம் போட்டதுதான் மிச்சம்.

அத்தை சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நெடுநேரம் நிற்கவில்லை.

ஏப்ரல் 6

சண்டை போட்டுவிட்டேன். டிரசர் ஐயா சொன்னதையெல்லாம் சொன்னேன், கெஞ்சினேன், கடைசியில் கத்தினேன்.

“நீங்க பாட்டுக்கு இருட்டுலயே கெடந்து போய்ச் சேந்துருவீங்க. நான் என்னா பண்ணுவேன்? எனக்கு யாரு இருக்கா? அவரும் போயிட்டாரு, அப்பாவும் போயிட்டாரு, நீங்களும் போறேங்கிறீங்க. போங்க. எல்லாரும் போங்க.”

அத்தை கையை நீட்டி ஜன்னலைச் சாத்தினாள்.

ஏன் அப்படிக் கத்தினேன்? நோயாளியிடம் போய். எழுத்து கோணலாகப் போகிறது. நாளைக்குப் பார்க்கலாம்.

ஏப்ரல் 9, ஞாயிறு

சொன்னாள்.

நான் கேட்கவில்லை. கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம், செல்லம் வெளியே விளையாடப் போயிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தானாகச் சொன்னாள்.

அன்று தலையில் கூடை நிறையக் கிழங்கு. ரந்தாவில் விற்க எடுத்துப் போனாள். முச்சந்தியில் சிப்பாய் நிற்கிறான், குனிந்து கும்பிட வேண்டும். குனிந்தால் கூடை கவிழ்ந்துவிடும். முழங்காலை மடக்கினால் போதும் என்று நினைத்து மடக்கினாள். அவன் அதை ஏளனம் என்று எடுத்துக்கொண்டான். கூடையோடு நடுரோட்டில் நிறுத்தினான், சூரியனைப் பார்த்து. கை இறங்கினால் துப்பாக்கிக் கட்டையால் இடித்தான்.

“நம்ம தோட்டத்து ஆளுங்க எல்லாம் அந்த வழியாத்தான் கடைக்கி வந்தாங்க. குனிஞ்சாங்க, போனாங்க. யாரும் என்னயப் பாக்கல. பாக்காத மாதிரி பாத்தாங்க.”

“அவங்க என்னா அத்தே செய்ய முடியும்?”

“ஒண்ணும் செய்ய முடியாதுடி. அது எனக்குத் தெரியாதா?” பிறகு குரல் இறங்கிவிட்டது. “மத்தியானத்துக்கு மேல அடக்க முடியல. நின்ன எடத்துலயே சேல நனஞ்சி போச்சி. வெயிலு, பளிச்சின்னு. எல்லாருக்கும் தெரிஞ்சிச்சி. அவன் காட்டிக் காட்டிச் சிரிச்சான்.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கிழங்குப் பால் ஒட்டிய கை.

“வெயிலு என்னய ஒண்ணும் பண்ணலடி மயிலு. பொறந்ததுலேர்ந்து வெயில்லதான் கெடந்தேன். வெளிச்சத்துல என்னயப் பாக்குறாங்கல்ல, அதத்தான் தாங்க முடியல.”

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஏப்ரல் 11

வெயில் வேண்டும். ஆனால் யாரும் பார்க்கக் கூடாது.

காலையிலிருந்து கிழங்குக் காட்டில் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். களை என்று நினைத்துக் கிழங்குச் செடியைப் பிடுங்கிவிட்டேன். சன்னாசி மண்டோர், “எங்கம்மா கண்ணு?” என்று திட்டினார். திட்டட்டும். எனக்கு வழி கிடைத்துவிட்டது.

ஏப்ரல் 16, ஞாயிறு

வேலை நேரத்தில் குழந்தைகளை விடுகிற பிள்ளைக் கொட்டகை போன மழையில் சாய்ந்துவிட்டதல்லவா, அதன் பழைய அத்தாப்பு ஓலை குவிந்து கிடக்கிறது. சன்னாசி மண்டோரிடம் கேட்டேன். எதற்கு என்றார். அத்தைக்கு என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு அந்தப் பக்கம் பார்த்து, “நான் ஒண்ணும் பாக்கல, நீ எடுத்துக்க லா” என்றார்.

வீட்டுக்குப் பின்னால் நான்கு ரப்பர்க் கம்பு நட்டு, சுற்றிலும் அத்தாப்பைக் கட்டினேன். ஆள் உயரத்துக்கும் மேலே. பின்கதவைத் திறந்தால் நேரே அதற்குள் காலை வைக்கலாம். கூரை மட்டும் கிடையாது.

நான் கட்டுவதைப் பார்த்துவிட்டுப் பஞ்சாலை வந்தாள். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிர்ப்பக்கம் நின்று ஓலையைப் பிடித்தாள். முடிகிற வரைக்கும் பிடித்தாள். ஓட்டை தெரிந்த இடத்தில் எல்லாம் லாலான் புல்லைச் செருகினாள். போகும்போது, “வெளியேர்ந்து ஒண்ணும் தெரியல. சுத்தி வந்து பாத்துட்டேன்” என்றாள்.

ஏப்ரல் 17

அத்தையிடம் பின்கதவைத் திறந்து காட்டினேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்கு பக்கமும் ஓலை. மேலே வானம்.

“இதென்னாடி, கூரையில்லாத ரூம்பு?”

“ஒங்களுக்குத்தான். யாரும் பாக்க மாட்டாங்க. நான்கூட உள்ள வரல, வேணும்னா.”

வெகு நேரம் நின்றாள். நிழல் எங்கள் காலடிக்குள் சுருங்கியிருந்தது. ஒரு காலை வெளியே வைத்தாள். சுட்டதுபோல உள்ளே இழுத்துக்கொண்டாள். மறுபடி வைத்தாள்.

“நீயும் வா” என்றாள்.

சாக்கை விரித்து உட்காரவைத்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ரவிக்கையைக் கழற்றி, சேலையை முதுகிலிருந்து இறக்கிவிட்டேன். முதுகு எப்படி வெளுத்துப்போயிருக்கிறது! இருட்டில் முளைத்த கிழங்குத் தண்டு மாதிரி. வெயில் பட்டதும் உடம்பு முழுக்க ஒரு தடவை நடுங்கிற்று. அப்புறம் அடங்கிற்று. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. நான் துடைக்கவில்லை.

கொஞ்ச நேரம்தான். உள்ளே வந்து படுத்து அப்படியே தூங்கிவிட்டாள்.

ஏப்ரல் 25

ஐந்து நாளாக மழை. சூரியனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன், அது என் கொழுந்தனார் மாதிரி. அத்தை கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, “வெளுக்குமாடி?” என்று கேட்கிறாள். கேட்கிறாள்! இவளாகவே!

மே 7

கடலோரப் போர்டிக்சனிலிருந்து கருவாடு கொண்டுவருகிற மலாய்க்காரர் பாக் லத்தீப் சைக்கிளில் வந்தார். சுறா ஈரல் எண்ணெய் கிடைக்குமா என்று போன தடவை கேட்டிருந்தேன். மறக்காமல் ஒரு பழைய சாஸ் பாட்டிலில் கொண்டுவந்துவிட்டார். அவர் வீட்டுக்காரி சட்டியில் காய்ச்சியதாம். கிழங்கு கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். மாமியார் என்றேன். ஒரு துண்டுக் கருவாட்டை எடுத்துக் கிழங்குக்கு மேல் வைத்துவிட்டுப் போனார்.

எண்ணெயின் நாற்றத்தை எழுத எனக்குத் தமிழ் போதவில்லை. மூடியைத் திறந்ததும் செல்லம் வீட்டைவிட்டே ஓடிவிட்டாள்.

அத்தை, “செத்தாலும் குடிக்க மாட்டேன்” என்றாள். நான் மூக்கைப் பிடித்து ஊற்றினேன்.

“பழி வாங்குறியாடி?”

“ஆமா.”

மே 14

அத்தை சுவரைப் பிடிக்காமல் அடுப்பு வரைக்கும் நடந்தாள். நான் பார்த்தேன் என்பது அவளுக்குத் தெரியாது.

மே 21

இன்று நடந்ததை விடாமல் எழுதிவைக்க வேண்டும்.

நானும் அத்தையும் ஓலைத் தட்டிக்குள் உட்கார்ந்திருந்தோம். வெளியே பஞ்சாலையின் குரல். “அக்கா, நான் உள்ள வரலாமா?”

அத்தை சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். என் கையைப் பிடித்தாள். வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். பஞ்சாலை காத்துக்கொண்டே நின்றாள். அவள் நிழல் ஓலைக்குக் கீழே தெரிந்தது. கடைசியில் அத்தை, “வா” என்றாள்.

வந்து அத்தைக்கு எதிரே இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். சேலை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

“அக்கா, அன்னிக்கி நானும் அந்த வழியாத்தான் போனேன்.”

“தெரியும்” என்றாள் அத்தை. “நீ குனிஞ்சப்ப ஒன் தலத்துண்டு வுழுந்துருச்சி. எடுக்காமயே போயிட்ட.”

பஞ்சாலை முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். “தண்ணிகூடக் குடுக்கலியே அக்கா. கையில சொம்பு இருந்துச்சி. ஒரு வா தண்ணி குடுக்கலியே நான்.”

“குடுத்துருந்தா ஒன்னயும் பக்கத்துல நிறுத்திருப்பான். ஒன் புள்ளைங்கள யாரு பாக்குறது?”

“இருந்தாலும்...”

“அந்தத் துண்டு என்னா ஆச்சின்னு கேக்க மாட்டியா?” என்றாள் அத்தை. “காத்துல பறந்து வந்து என் காலுகிட்டதான் வுழுந்துச்சி. காலால இழுத்து மேல நின்னுக்கிட்டேன். தாரு ரோடு என்னா சூடுன்ற. அது இல்லாட்டி என் பாதம் வெந்து போயிருக்கும்.”

பஞ்சாலை கையை எடுத்துவிட்டு அத்தையைப் பார்த்தாள். நேராக, வெளிச்சத்தில். அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

“அப்ப என் துண்ட நீதான் வச்சிருக்கியா?”

“வச்சிருக்கேன். குடுக்க மாட்டேன்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள், அழுதார்கள். எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் எழுந்து உள்ளே வந்து கிழங்கு வேகிறதா என்று பார்த்தேன். அது ஏற்கெனவே வெந்து குழைந்துபோயிருந்தது.

ஜூன் 4

பஞ்சாலை யாரிடம் சொன்னாளோ தெரியவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் தட்டிக்குள் இடமில்லை. பிள்ளை பெற்றுப் பத்தியத்தில் இருக்கிற வள்ளியம்மா கைக்குழந்தையோடு வருகிறாள். கால் வீங்கின ஒருத்தி, இருமுகிற ஒருத்தி. டிரசர் ஐயா இவர்களுக்கும் சொன்னாராம். எல்லோருக்கும் சுறா எண்ணெய் ஆளுக்கு அரைக் கரண்டி, அத்தை கையால். முகம் சுளித்தால் இன்னொரு அரைக் கரண்டி.

பாட்டில் தீர்ந்துவிட்டது. பாக் லத்தீப் வர வேண்டும்.

ஜூன் 25

மறுபடியும் சளிக் காய்ச்சல் லயத்துக்குள் வந்துவிட்டது. அதே மாதிரி. தொண்டை வலி, மேல்வலி, இருமல். நேற்று செல்லத்துக்கு. இன்று காலை அத்தைக்கு.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இத்தனை பாடும் வீணா? இந்த இரண்டு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றியது எல்லாம்? அத்தையின் கண்ணைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. அவளுக்கும் பயம்தான்.

ஜூன் 27

உடம்பு கொதிக்கிறது. நான் வேலைக்குப் போகவில்லை. போன தடவை அவள் வைத்த மாதிரியே, ஒரு கை அவள் நெற்றியில், ஒரு கை செல்லத்தின் நெற்றியில். சாமி. மாரியாத்தா. ஒண்ணும் ஆவக்கூடாது. ஒண்ணும் ஆவாது.

ஜூலை 2, ஞாயிறு

அத்தை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்! கஞ்சி கொடுத்தால், உப்பில்லை என்று திட்டினாள். செல்லத்துக்கு இன்னும் மூக்கு ஒழுகுகிறது, அத்தை அவளுக்கு முந்திவிட்டாள்.

ஜூலை 5

டிரசர் ஐயா வந்தார். முதுகில் காதை வைத்து வெகு நேரம் கேட்டார். காலெலும்பை அழுத்தினார். “நோகுதோ?” “இல்லங்கய்யா.” “இஞ்ச?” “இல்ல.”

“வெயில்தானா ஐயா?” என்று கேட்டேன்.

“எலும்புக்கு வெயிலும் எண்ணெயும்தான். அது நான் நிச்சயமாச் சொல்லுவன்.” குடையை எடுத்துக்கொண்டார். “சளி விட்டதுக்கு வெயிலோ, எண்ணெயோ, மனுசரோட இருந்து சாப்பிட்டதோ எண்டு என்னைக் கேட்டால், என்னத்தைச் சொல்ல? சோர்ந்து கிடந்த தேகம் எழும்பீட்டுது. அதுதான் எனக்குத் தெரியும்.” பிறகு அத்தையைப் பார்த்து, “மருமோளை வேலை வாங்கினது போதும், இனி நீரும் கொஞ்சம் நடவும்” என்றார்.

அத்தை, பாக் லத்தீப் மறுபடி கொண்டுவந்த எண்ணெய்ப் பாட்டிலை நீட்டி, “ஐயாவும் மெலிஞ்சிட்டீங்க, ஒரு கரண்டி குடிங்க” என்றாள். பெரிய மனிதர், மறுக்க முடியாமல் குடித்தார். அவர் முகத்தைப் பார்த்துச் செல்லம் கைதட்டினாள்.

ஆகஸ்ட் 13

விடிந்ததிலிருந்து பின்பக்கம் சடசடவென்று சத்தம். போய்ப் பார்த்தால் அத்தை தட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு பக்கம் ஏற்கெனவே இல்லை. அந்தப் பக்கத்தில் லயத்துப் பாதை, கிணறு, தண்ணீர் சேந்துகிற பெண்கள் எல்லாம் தெரிந்தார்கள். அவர்களுக்கும் அத்தை தெரிந்தாள்.

“என்னா அத்தே பண்றீங்க?”

“பஞ்சால வீட்டு அடுப்பங்கரை ஒழுகுதாம். புள்ளைங்க நனையுது. இந்த ஓலை இங்க சும்மா நிக்கிதே.”

“ஒங்களுக்கு...”

“எனக்கென்னா? வானம் என்னா இவ்வளவுதானா இருக்கு? புடி இந்தப் பக்கத்த.”

பிடித்தேன். கம்பைப் பிடுங்கும்போது கிணற்றடியிலிருந்து யாரோ, “ராக்கம்மாக்கா, நல்லா இருக்கியா?” என்று கத்தினார்கள். அத்தை நிமிர்ந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

“இருக்கேன் லா! ஒங்க கயிறு அறுந்துருக்கு பாரு, வாளி போயிரப் போவுது!”

கோலா சாவாக் கோழிகளுக்கு என்ன ஆயிற்றோ.

செப்டம்பர் 12, செவ்வாய்

வேலை நாளில், பட்டப்பகலில் உட்கார்ந்து எழுதுவது எனக்கு அபூர்வம். வெளியே போக எனக்குத் துணி இல்லை.

என் சேலை போன வாரம் முள்ளில் மாட்டி மேலிருந்து கீழ் வரைக்கும் கிழிந்துவிட்டது. புதுத் துணி இந்தச் சீமையிலேயே கிடையாது. வீட்டில் முழுசாக மிஞ்சியிருப்பது அத்தையின் மாம்பழக் கரைச் சேலை ஒன்றுதான். வீட்டுக்குள் எதையோ சுற்றிக்கொண்டு இருக்கிறவளுக்கு இது எதற்கு என்று நான்தான் நான்கு நாளாகக் கட்டிக்கொண்டு போனேன்.

இன்று விடிவதற்கு முன்னால் எழுந்து பார்க்கிறேன், கொடியில் சேலை இல்லை. அத்தை கட்டிக்கொண்டு, மண்வெட்டியும் கையுமாக நிற்கிறாள்.

“அத்தே, அது எனக்கு வேணும். பெரட்டுக்கு நேரமாச்சி.”

“என் சேல. என் மவன் எடுத்துக் குடுத்தது.”

“நான் வேலைக்கிப் போவ வேணாமா?”

“இன்னிக்கி நான் போறேன். நீ நாளைக்கிப் போ. ஒரு நாளு நானு, ஒரு நாளு நீயி. புல்வெட்டுல எவளுக்கும் ஒழுங்கா வெட்டத் தெரியலியாம், சன்னாசி சொன்னான். நான் போயிக் காட்டுறேன்.”

“மயங்கி கியங்கி வுழுந்துட்டீங்கன்னா?”

“வுழுந்தா பஞ்சால தூக்குவா. நீ வூட்டுல இரு, ஒனக்கும் எளப்புத்தான். பின்பக்கம் போயி செத்த நேரம் வெயில்ல ஒக்காரு.”

“எதக் கட்டிக்கிட்டு ஒக்கார்றது?”

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் அரிசிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு நின்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டே போய்விட்டாள். வளைவு வரைக்கும் அவள் சிரிப்புக் கேட்டது. இருமல் இல்லை.

சாக்கு உடம்பெல்லாம் அரிக்கிறது. செல்லம் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து, “மூட்டை அம்மா, மூட்டை அம்மா” என்று பாடுகிறாள். சாயங்காலம் அத்தை வந்ததும் முதலில் சேலையைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும்.